மணலில் எழுதப் பழகிய மறைப்பணியாளர்

ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 16ஆம் நாள் இலங்கைத் திருச்சபை புனித யோசப் வாஸ் அடிகளாரின் விழாவைக் கொண்டாடுகின்றது. அடுத்து இரு நாள்கள் கழித்து, 18ஆம் நாள், கிறிஸ்தவ ஒன்றிப்புச் செபவாரம் தொடங்கி, புனித பவுல் மனமாற்ற விழாவாகிய 25ஆம் நாள் நிறைவு பெறுகின்றது. முதல் விழாவை நாம் உள்ளம் உருகக் கொண்டாடுகின்றோம். ஒன்றிப்பு வாரமோ பல வேளைகளில் ஆலய அறிவிப்பு ஒன்றுடன் கடந்துபோய்விடுகின்றது. பேசாலை வெற்றி நாயகி ஆலயத்தின் மணியோசை கேட்டு வளர்ந்த நமக்கு, நம் வேலிக்கு அப்பால் வாழும் கிறிஸ்தவர்களின் விசுவாச வரலாறு பெரும்பாலும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் எழுவதில்லை.

ஆனால் வரலாறு நம்மை அந்த வேலியருகே அழைத்துச் செல்கின்றது. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் மன்னாரைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், கத்தோலிக்கக் குருக்கள் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டனர். மேய்ப்பரின்றித் தவித்த மந்தையைத் தேடி 1687இல் இரவலர் கோலத்தில் வந்தவர் யோசப் வாஸ் அடிகளார். அவர் இத்தீவில் நடந்து நடந்து தேய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், பாக்கு நீரிணைக்கு வடக்கே, சோழநாட்டுக் கரையில் வேறோர் இளைஞர் வந்திறங்கினார். அவர் கத்தோலிக்கர் அல்லர், லூத்தரன் சபையினர். பர்த்தலோமேயு சீகன்பால்கு என்பது அவர் பெயர். ஒன்றிப்பு வாரத்தில் அவருடைய வாழ்வைக் கருத்தூன்றி நோக்குவது நமக்குப் பெரிதும் பயனளிக்கும்.

தாய் விட்டுச்சென்ற செல்வம்

ஜேர்மனியின் சக்சனி நாட்டிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு யூலை 10ஆம் நாள் சீகன்பால்கு பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். அவருடைய தாயார் மரணப்படுக்கையில் பிள்ளைகளை அருகழைத்து, தாம் அவர்களுக்காகப் பெருஞ்செல்வம் ஒன்றைச் சேர்த்து வைத்திருப்பதாகவும், அதை விவிலியத்தில் தேடிக்கொள்ளுமாறும், அதன் பக்கங்கள் தம் கண்ணீரால் நனைந்தவை என்றும் சொன்னதாக மரபு கூறுகின்றது. பொன்னும் நிலமும் விட்டுச்செல்ல இயலாத ஒரு தாய், தான் செபித்த நூலைப் பிள்ளைகளுக்கு முதுசமாக விட்டுச்சென்றாள்.

இளமையிலிருந்தே நோய்வாய்ப்பட்ட உடல் அவருக்கு. ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேரறிஞரிடம் பயின்றபோதும் உடல்நலக்குறைவால் கல்வி தடைப்பட்டது. அக்காலத்தில் லூத்தரன் சபைக்குள் ஒரு மறுமலர்ச்சி தோன்றியிருந்தது. கோட்பாடுகளைச் சரியாக அறிந்திருப்பது மட்டும் போதாது. விசுவாசம் உள்ளத்தில் எரிய வேண்டும், ஏழைகளுக்கும் பிள்ளைகளுக்கும் செய்யும் பணியில் அது வெளிப்பட வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் உயிர்நாடி. பிராங்கே ஹாலேயில் நிறுவிய அநாதை இல்லமும் பள்ளிகளும் அதன் கனிகள். அந்த அனல் சீகன்பால்குவையும் பற்றிக்கொண்டது.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்கு மறைப்பணியாளரை அனுப்ப விரும்பினார். தம் நாட்டில் தகுந்தவர் கிடைக்காமையால் ஜேர்மனியில் தேடினர். சீகன்பால்குவும் அவர் நண்பர் ஹென்றிக் புளூட்சௌவும் முன்வந்தனர். 1705 நவம்பர் இறுதியில் கோப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல், ஏழு திங்களுக்கு மேலான பயணத்தின் பின் 1706 யூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தது.

சுவருக்குள் அடங்கிய சபை

இங்கு நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து டென்மார்க்கினர் தரங்கம்பாடியில் குடியேறியது 1620ஆம் ஆண்டு. டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினர், வணிகத்தை வளர்த்தனர். அவர்களுக்கென லூத்தரன் குருக்கள் இருந்தனர். 1701இல் சீயோன் ஆலயம் என்னும் அழகிய கோவிலும் எழுந்தது. ஞாயிறு தவறாமல் வழிபாடு நடந்தது, மறையுரை நிகழ்ந்தது, திருமணமும் அடக்கமும் முறையாக நிறைவேறின. எல்லாம் இருந்தன. ஆயினும் 86 ஆண்டுகளாக அந்தச் சபை தன் சுவருக்கு வெளியே நின்ற தமிழ் மக்களிடம் நற்செய்தியை எடுத்துச் செல்ல முனையவில்லை. கோவில் கம்பெனியாருக்கு உரியது, கடவுள் கம்பெனியாரின் மொழியில் பேசுகிறவர் என்பதே அங்கு சொல்லப்படாத நம்பிக்கையாக இருந்தது.

வந்திறங்கிய இளைஞர் இருவரையும் கோட்டைத் தளபதி ஹாசியுஸ் முகம் கொடுத்து வரவேற்கவில்லை. மன்னரின் ஆணை கையிலிருந்தும், தங்க இடமின்றி அன்று தெருவில் நிற்க நேர்ந்தது. மறைப்பணி வணிகத்தைக் குலைக்கும் என்று கம்பெனியார் அஞ்சினர். ஆக, சீகன்பால்குவின் முதல் தடை பிற சமயத்தார் அல்லர். தம் சொந்தச் சபையினரே. வழிபாட்டில் அவரோடு ஒன்றாய் அமர்ந்தவர்களே அவருடைய பணிக்கு முட்டுக்கட்டை போட்டனர். விசுவாசம் புதுப்பிக்கப்படவேண்டிய முதல் இடம் தம் சபைதான் என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். தம் இல்லத்தில் ஐரோப்பியர்களைச் சிறு குழுவாகக் கூட்டி, இறைவார்த்தையை வாசித்துச் செபித்தார். அதே வேளையில் தமிழரை நோக்கியும் நடந்தார். இவ்விரண்டும் அவருக்கு ஒரே பணியாகவே இருந்தன.

மணலில் தொடங்கிய கல்வி

ஹாலேயில் இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்ற அந்த இளைஞர், தரங்கம்பாடியில் ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை நாடினார். சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதினார். அவருக்கு அப்போது வயது 24. பிள்ளைகள் சொல்லச் சொல்லத் தாமும் உரக்கச் சொன்னார். பின்னர் தமிழ்ப் புலவர் ஒருவரையும், பல மொழி அறிந்த அழகப்பன் என்பவரையும் துணைக்கொண்டு காலை முதல் இரவு வரை சுவடிகளை வாசித்தார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றும் எழுதினார். 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரிடத்தில் உயர்ந்த நெறியும் அறிவும் உண்டு என்று ஐரோப்பாவுக்கு எடுத்துரைத்தார். தென்னிந்தியக் கடவுளரின் மரபு பற்றி அவர் 1713இல் எழுதிய நூலை ஹாலேயினர் அச்சிட விரும்பவில்லை. 1867இல்தான் அது வெளிவந்தது. கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானார். தமிழ் மக்கள் அவரை நம்பத் தொடங்கியது இதனாலேயே.

1707 மே 12ஆம் நாள் அவரிடம் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டென்மார்க்கினர் இல்லங்களில் இருந்த அடிமைகள். ஞானஸ்நானத் தொட்டிக்கு அவர்கள் வந்தபோது, அதுவரை அவர்களை உடைமையாக எண்ணிய எசமானர்கள் அவர்களை உடன்பிறப்புகளாகக் காணவேண்டிய நிலை உருவாயிற்று. அதே ஆண்டு ஆகத்து 14ஆம் நாள், தம் சொந்த ஊதியத்தையும் செலவிட்டுக் கட்டிய எருசலேம் என்னும் சிற்றாலயத்தை அவர் நேர்ந்தளித்தார். தமிழிலும் போர்த்துக்கேய மொழியிலும் அங்கு மறையுரை நிகழ்ந்தது. சிறுவருக்கும் சிறுமியருக்கும் பள்ளிகள் தொடங்கின. பெண்பிள்ளைகள் எழுத்தறிவது அரிதாக இருந்த காலம் அது.

சிறைவாசமும் சோதனைகளும்

சோதனைகள் குறையவில்லை. ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட பணப்பெட்டி கப்பலிலிருந்து கரைக்கு வரும்போது கடலில் மூழ்கிப்போனது. கடலை நம்பி வாழும் நம் மக்களுக்கு இத்தகைய இழப்பின் வலி புரியும். ஏழைக் கைம்பெண் ஒருவருக்காக அவர் பரிந்து பேசியதும், தளபதியின் போக்கைக் கண்டித்ததும் பெரும் மோதலாயின. 1708 நவம்பர் 19ஆம் நாள் அவர் கைதுசெய்யப்பட்டு, நான்கு திங்கள் கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கும் பணியை அவர் தொடங்கியது அதற்கு ஒரு திங்கள் முன்னர்தான், ஒக்டோபர் 17ஆம் நாள். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711 மார்ச் 31ஆம் நாள் அப்பணி நிறைவுற்றது.

அந்த ஆண்டை நினைவிற்கொள்வோம். அதே 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள்தான் கண்டியில் யோசப் வாஸ் அடிகளார் கண்மூடினார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கண்டிருந்தால் வாதிட்டிருக்கவும் கூடும். ஆயினும் ஒரே கடலின் இரு கரைகளில், ஒரே ஆண்டில், ஒருவர் தம் ஓட்டத்தை முடித்தார். மற்றவர் தம் மொழிபெயர்ப்பை முடித்தார்.

இலண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு இயந்திரம் ஒன்றை அனுப்பியது. வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். இயந்திரத்தை இயக்க வந்தவர் நடுவழியில் இறந்தார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகளைத் தாமே வார்த்தனர். பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி அவற்றைச் செய்ததாகக் கூறுவர். பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. இந்திய மொழிகளில் புதிய ஏற்பாடு அச்சானது அதுவே முதன்முறை.

அனுப்பியவர்களும் புத்துயிர் பெற்றனர்

தரங்கம்பாடியிலிருந்து சென்ற மடல்களும் அறிக்கைகளும் 1710 முதல் ஹாலேயில் அச்சிடப்பட்டு, ஐரோப்பாவின் பல நாடுகளில் வாசிக்கப்பட்டன. இங்கிலாந்தின் எப்வர்த் என்னும் ஊரில் சூசன்னா வெஸ்லி என்ற தாய், இத்தமிழகப் பணியின் வரலாற்றை வாசித்து உள்ளம் தூண்டப்பெற்றார். 1712 அளவில் தம் இல்லத்தில் பிள்ளைகளையும் அயலாரையும் கூட்டி, ஞாயிறு மாலைதோறும் செபிக்கத் தொடங்கினார். அப்பிள்ளைகளுள் இருவர், பிற்காலத்தில் மெதடிஸ்த மறுமலர்ச்சிக்கு வித்திட்ட யோன் வெஸ்லியும் சார்ள்ஸ் வெஸ்லியும் ஆவர். தரங்கம்பாடியின் மணலில் எழுதப் பழகிய ஒருவரின் உழைப்பு, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் விசுவாசத்தை எழுப்பியது.

இதுதான் சீகன்பால்குவின் வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டிய முதன்மையான உண்மை. ஒரு சபை தன்னைப் பேணிக்கொள்வதால் மட்டும் புதுப்பிக்கப்படுவதில்லை. தன்னைக் கடந்து பிறரிடம் செல்லும்போதே அதன் விசுவாசம் புத்துயிர் பெறுகின்றது. அனுப்பப்படுபவர் கொடுக்கின்றார், அனுப்பியவர்கள் பெற்றுக்கொள்கின்றனர்.

1714இல் ஐரோப்பா சென்று திரும்பிய சீகன்பால்கு, 1717இல் புதிய எருசலேம் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டி, 1718 ஒக்டோபர் 11ஆம் நாள் அதனை நேர்ந்தளித்தார். ஆனால் கோப்பன்ஹேகனிலிருந்த பணிக்குழுவின் செயலர், கட்டடங்களும் பள்ளிகளும் எதற்கு என்று கடிந்து மடல்கள் எழுதிக்கொண்டிருந்தார். நோயால் மெலிந்திருந்த உடலை அந்தச் சொற்கள் மேலும் வருத்தின. 1719 பெப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். நான்கு திங்களுக்கு முன் தாம் நேர்ந்தளித்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1718இல் அவரிடம் திருமுழுக்குப் பெற்ற ஆரோன் என்னும் தமிழர், 1733 டிசம்பர் 28ஆம் நாள் லூத்தரன் சபையின் முதல் இந்தியக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். விதைத்தவர் அந்த அறுவடையைக் காணவில்லை.

கசப்பும் கடனும்

வரலாற்றை நேர்மையாகச் சொல்வதானால் கசப்பையும் சொல்லவேண்டும். தரங்கம்பாடியாருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கடும் வாதங்கள் நிகழ்ந்தன. நம் வீரமாமுனிவர் அவர்களை மறுத்து நூல்கள் எழுதினார், மறுபக்கத்தாரும் வாளாவிருக்கவில்லை. நம் நாட்டிலோ சீர்திருத்த சபையைச் சார்ந்த ஒல்லாந்தரின் ஆட்சியில் நம் முன்னோர் பட்ட துன்பம் ஆறாத வடுவாக நெடுங்காலம் இருந்தது. விசுவாசத்தைக் காத்த நம் முன்னோரின் உறுதிக்கு நாம் என்றும் கடப்பாடுடையோம்.

ஆயினும் அக்கசப்புக்குள்ளும் ஒரு கடன் மறைந்திருக்கின்றது. சீகன்பால்கு திரட்டிய சுவடிகளுள் கத்தோலிக்க நூல்களும் இருந்தன. கிறிஸ்தவக் கருத்துகளைத் தமிழில் உரைக்கும் சொற்களை அவர் அவற்றிலிருந்து கற்றுக்கொண்டார். அச்சொல்வளத்துக்கு அடித்தளமிட்டோருள் முதன்மையானவர் இயேசு சபை அண்டிரிக் அடிகளார். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டவர் அவரே. முத்துக்குளித்துறையில் மட்டுமன்றி நம் மன்னாரிலும் பணியாற்றியவர் அவர். ஆக, இக்கரையில் கத்தோலிக்கக் குரு ஒருவர் ஊன்றிய சொல்விதை, அக்கரையில் லூத்தரன் பணியாளரின் கையில் புதிய ஏற்பாடாகத் தளிர்த்தது. அது மீண்டும் நம்மிடமே திரும்பி வந்ததையும் காண்கின்றோம். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் இணைந்து உருவாக்கியது. நம் வீடுகளில் செபமேசைமீது இருக்கும் நூல் அதுவே. நாம் அதைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றிப்பின் கனியையே சுவைக்கின்றோம்.

திருச்சபையும் இவ்வழியிலேயே நம்மை நடத்துகின்றது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. 1999 ஒக்டோபர் 31ஆம் நாள் ஆக்ஸ்பேர்க் நகரில், மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராவது பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. நூற்றாண்டுகளாகப் பிரித்து நின்ற வினா அது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் சுவீடனின் லுண்ட் நகர் சென்று லூத்தரன் சபையினரோடு இணைந்து செபித்தார்.

நம் பங்கு எங்கே நிற்கின்றது?

மன்னார்த்தீவின் பங்குகள் விசுவாசத்தில் ஆழ வேரூன்றியவை. போரின் நாள்களிலும் இடப்பெயர்விலும் மக்கள் செபமாலையைக் கைவிடவில்லை. எனினும் ஒரு வினாவை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்வது நன்று. நம் புதுப்பித்தல் என்பது ஆலயத்துக்கு வண்ணம் பூசுவதோடும், திருவிழாவைச் சென்ற ஆண்டிலும் சிறப்பாக நடத்துவதோடும் நின்றுவிடுகின்றதா? கொடியேற்றமும் சுற்றுப்பிரகாரமும் அழகானவை; அவை வேண்டும். ஆனால் சீயோன் ஆலயத்திலும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அங்கு குறைவாக இருந்தது ஒன்றே. வெளியே நிற்பவரைப் பற்றிய கவலை.

நம் கரையில் வாடியமைத்துத் தொழில் செய்யும் பிறவூர் மக்களை நாம் அறிந்திருக்கின்றோமா? நெடுநாளாகத் திருப்பலிக்கு வராத அயல்வீட்டாரின் வாசலுக்கு, குறை சொல்வதற்கன்றி, நலம் கேட்பதற்காகச் சென்றிருக்கின்றோமா? வேறு சபையில் மணம் முடித்துச் சென்ற மகளை, அவள் கணவரோடு சேர்த்து, நத்தார் நாளில் விருந்துக்கு அழைக்கின்றோமா? வேறு சபைக்குச் சென்ற சகோதரனைத் தூற்றுவதற்கு முன், நம் பங்கில் அவனுடைய பசிக்கு எது கிடைக்காமற்போயிற்று என்று சிந்தித்தோமா? நம் பிள்ளைகள் நம்முடைய விவிலியத்தைத் திறக்கும் நாளில், அது வாசித்துப் பழகிய நூலாக இருக்குமா, அன்றித் தூசு படிந்த நூலாக இருக்குமா?

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மணலில் அமர்ந்து முதலெழுத்தை எழுதும் தாழ்மை போதும். இவ்வொன்றிப்பு வாரத்தில் ஒவ்வொரு மாலையும் குடும்பமாக அமர்ந்து, ஒரு நற்செய்திப் பகுதியை வாசித்து, வேறு சபையைச் சார்ந்த ஒரு குடும்பத்தைப் பெயர் சொல்லி நினைத்துச் செபிப்போம். எட்டு நாள்களில் எட்டுக் குடும்பங்கள். நம் உள்ளத்தின் வேலி அதற்குள் எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்பதை நாமே காண்போம்.

செபிப்போம்: அன்பின் இறைவா, இக்கரையில் புனித யோசப் வாஸ் அடிகளாரையும், அக்கரையில் உம் அடியார் சீகன்பால்குவையும் உமது வார்த்தைக்காகத் தேய்ந்துபோகச் செய்தீர். எங்கள் பங்கின் விசுவாசத்தைப் புதுப்பித்தருளும். எங்களுக்குள் அடங்கிப்போகாமல், எங்களைக் கடந்து பிறரிடம் செல்லும் துணிவைத் தாரும். பிரிந்து நிற்கும் உம் பிள்ளைகள் அனைவரையும் ஒரே மந்தையாகக் கூட்டிச் சேர்த்தருளும். ஆமென்.